உமேஷுக்காகப் பரிந்துரைக்கப்பட்டவை

அத்தியாயம் 5

மாப்பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறதா, இல்லை மாப்பிள்ளைக்குப் பேயைப் பிடித்திருக்கிறதா? சாயந்திரம் ஆறு மணிக்குள் இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும் என்றார் ராஜகோபாலன்.

அப்போது மணி பன்னிரண்டரை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் படிக்கட்டில் நிற்கவேண்டிய அளவுக்கு விசாலமான அலுவலகம். வாசலில் ‘தனம் துப்பறியும் நிலையம். திருமணத்துக்கு முந்தைய விசாரணை எங்கள் தனிச்சிறப்பு’ என்று பலகை. உரிமையாளர் தனம், இருபத்தாறு வருடம் தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். பெட்டியில் ஏறியதுமே யாரிடம் டிக்கெட் இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். கல்யாண மாப்பிள்ளைகளும் அதே ரகம்தான் என்பது அவருடைய கொள்கை.

உதவியாளர் பிளஸ்ஸிக்கு வயது முப்பத்திரண்டு. அவள் வாய்க்கு வயதே கிடையாது. இங்கே வருவதற்கு முன் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, படங்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ‘பழிவாங்கல்’, ‘கொடுமைக்கார மாமியார்’, ‘மழையில் பாட்டு’ என்று அவள் ஒட்டிய லேபிள்களை வைத்துத்தான் கம்ப்யூட்டர் யாருக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்று முடிவு செய்யும். ஒரு பெரிய தயாரிப்பாளரின் படத்துக்கு ‘தூக்கம்’ என்று லேபிள் ஒட்டிய அன்று அந்த வேலை போயிற்று. இன்றுவரை அது நியாயமான லேபிள்தான் என்று அவள் சாதித்துக்கொண்டிருக்கிறாள்.

ராஜகோபாலன் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வீடு. ஒரே பெண் சின்மயிக்கும் மேடவாக்கத்தில் இருக்கும் உமேஷுக்கும் நிச்சயதார்த்தம் நடந்து ஆறு வாரம் ஆகிறது.

“நிச்சயதார்த்தம் முடிஞ்ச கையோட, அவன் படம் பார்க்கற ஆப்புக்குப் பாஸ்வேர்டை எங்க பொண்ணுக்குக் கொடுத்துட்டான். இந்தக் காலத்துல மோதிரத்துக்கு மேல இதைத்தான் பெருசா நினைக்கறா” என்றார்.

“கரெக்ட்தான் சார். மோதிரத்தையாவது அடகு வைக்கலாம்” என்றாள் பிளஸ்ஸி.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பையிலிருந்து பிரவுன் அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். “அந்த ஆப்பைத் தொறந்தா ‘உமேஷுக்காகப் பரிந்துரைக்கப்பட்டவை’ன்னு ஒரு வரிசை வர்றது. அஞ்சு வாரமா நாள் தவறாம எழுதிண்டு வரேன். லிஸ்டை மட்டும்தான் பார்ப்பேன். வேற ஒண்ணும் பார்க்கறதில்லை.”

பிளஸ்ஸி நோட்டைப் புரட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. முதல் இரண்டு நாள் சமையல் போட்டி, காமெடி என்று ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து ‘கிணற்றடிக் கொலுசு’, ‘மருமகள் மண்டையோடு’, ‘தண்டவாளத்தில் ஒரு தலை’, ‘லிஃப்டுக்குள் லலிதா’, ‘லிஃப்டுக்குள் லலிதா: இரண்டாம் மாடி’. மொத்தம் நாற்பத்து மூன்று. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

“அது சும்மா சொல்றதில்லையாம். ஆள் எதைப் பார்க்கறானோ அதை வெச்சுத்தான் அடுத்ததைச் சொல்றதாம், பேப்பர்ல போட்டிருந்தான். ஜாதகத்துல ஒன்பது பொருத்தம் இருக்கு. ஆனா ராப்பகலா மண்டையோடு பார்க்கறவனுக்கு எப்படிப் பொண்ணைக் கொடுக்கறது?”

“பொண்ணு என்ன சொல்றாங்க?” என்று தனம் கேட்டார்.

வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது. “அவனோட ஃபோன் பேசிட்டு வந்து அழறா. எப்போ பார்த்தாலும் பேய், பிசாசுன்னே பேசறானாம். முந்தாநாள் ‘உனக்குத் தனியா லிஃப்ட்ல போறது பிடிக்குமா’ன்னு கேட்டிருக்கான். இத்தனைக்கும் அவனைத்தான் பண்ணிப்பேன்னு நிக்கறா. இன்னிக்கு ஆறு மணிக்குப் பத்திரிகை அச்சுக்குப் போகணும். நீங்க வேண்டாம்னு சொன்னா, ஆறு மணிக்கே அவாத்துக்கு ஃபோன் பண்ணி முறிச்சுடுவேன். அப்போ நல்ல நேரம்.”

“கல்யாணத்தை நிறுத்துறதுக்கும் நல்ல நேரம் பார்க்கிற மொத ஆளு நீங்கதான் சார்” என்றாள் பிளஸ்ஸி.

தனம் சிரிக்கவில்லை. “நீங்க இந்த ஆப்புல படம் பார்ப்பீங்களா சார்?”

“நானா? எங்காத்துல டிவியே செய்திக்கு மட்டும்தான். லிஸ்டை மட்டும்தான் பார்த்தேன்னு சொன்னேனே!” என்று மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார் ராஜகோபாலன்.

பிளஸ்ஸியின் ஸ்கூட்டர் கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது, பின்னால் உட்கார்ந்திருந்த தனம் கேட்டார்: “அந்த ஆப்புக்கு ஆளைப் பத்தி எப்படிடீ தெரியும்?”

“அதுக்கு ஆளே தெரியாது மேடம். நீங்க எந்தப் படத்தை முழுசா பார்த்தீங்க, எதைப் பாதியில வுட்டீங்க, எதைத் திரும்பப் பார்த்தீங்க, அதைத்தான் எண்ணிக்கினு கீது. அப்புறம் உங்களை மாதிரியே பார்த்த லட்சம் பேரு அடுத்து இன்னா பார்த்தாங்கன்னு தேடும். எல்லாத்தையும் சேர்த்து உங்களை மாதிரி ஒரு பொம்மை செஞ்சு வச்சுக்கும். அந்தப் பொம்மைக்கு இன்னா புடிக்கும்னு யோசிச்சு அதை உங்க தலையில கட்டும்.”

“பொம்மையைத் தப்பா செஞ்சிட்டா?”

“தப்புன்னு யாரு சொல்றது? அது காட்டுனதை நாம பார்த்து வைப்போம். ‘பார்த்தியா, நான் சொன்னேன்ல’ன்னு இன்னும் நாலு காட்டும். ஒரே பேஜாரு மேடம்.”

அதன்பிறகு மேடவாக்கம் வரும்வரை தனம் வாயே திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காவிட்டால் மண்டைக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். பிளஸ்ஸிக்கு இது தெரியும், அதனால் அவளும் வாயை மூடிக்கொள்ள முயற்சி செய்தாள். இரண்டு நிமிஷம் முடிந்தது.

உமேஷ் குடியிருந்த அடுக்குமாடியில் வாட்ச்மேன் சுலபத்தில் மசிகிறவர் இல்லை. யாரைப் பார்க்கணும், எந்த பிளாக், ஓடிபி வந்ததா என்று ஆரம்பித்தார். “தண்ணி லாரி விஷயமா வந்திருக்கோம்” என்றாள் பிளஸ்ஸி. அவ்வளவுதான், கேட் இரண்டு பக்கமும் திறந்தது. மேடவாக்கத்தில் முதலமைச்சருக்குக்கூட இத்தனை மரியாதை கிடைக்குமா என்பது சந்தேகம்.

நாலாவது மாடியில் உமேஷின் வாசலைப் பார்த்ததும் பிளஸ்ஸி தனத்தின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நிலைப்படியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அதற்கு மேலே ஆணியடித்து ஒரு விபூதிப் பொட்டலம். கதவைத் திறந்தவனுக்கு இருபத்தொன்பது வயதிருக்கும். நல்ல களையான முகம், ஆனால் கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருந்தது. ‘லலிதா – லிஃப்ட் – பழிக்குப் பழி. செண்பகம் – கிணறு – கொலுசுச் சத்தம். ராட்சச மருமகள் – பரண்.’

“மேடம், பையன் முத்திட்டான்” என்று பிளஸ்ஸி காதோரம் சொன்னாள்.

“தண்ணி சரியா வருதா தம்பி?” என்றார் தனம்.

“வர்றது மேடம்.”

“லலிதா யாரு?”

உமேஷ் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டான். தனம் எப்போதும் இப்படித்தான். முதல் கேள்வியைச் சும்மா கேட்பார், இரண்டாவது கேள்விக்குள் ஆளைப் பிடித்துவிடுவார்.

“உங்களை யார் அனுப்பினான்னு தெரியும்” என்றான் உமேஷ். “சின்மயிதானே? அவகிட்ட சொல்லிடுங்கோ, நான் நிஜமாவே முயற்சி பண்ணிண்டிருக்கேன். இன்னும் ஆறு படம்தான் பாக்கி.”

“எதுக்கு முயற்சி?”

“அவளுக்குப் பேய்ப் படம்னா உசுராச்சே! பாஸ்வேர்டு கொடுத்த ஒரே வாரத்துல என் பேர்ல வர்றதெல்லாம் பேயாவே வர ஆரம்பிச்சுடுத்து. நான் பார்க்கலை. அப்போ அவதானே பார்த்திருக்கணும்? கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்க ஒரு விஷயம் வேணுமேன்னு நானும் பார்க்க ஆரம்பிச்சேன்.” அவன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். “நான் ரொம்ப பயந்தவன் மேடம். எல்லா லைட்டையும் போட்டுண்டுதான் பார்க்கறேன். லலிதா பார்த்ததுலேர்ந்து நாலு மாடியும் படியேறித்தான் வரேன். அவ சாதாரணப் பொண்ணு இல்லையோன்னு ஒரு சந்தேகம் வேற. அதான் வாசல்ல அந்த எலுமிச்சம்பழம்.”

“அவங்ககிட்ட லிஃப்ட் பத்தி ஏன் கேட்டீங்க?”

“ரசிப்பான்னு நினைச்சேன். ஃபோனை வெச்சுட்டா.”

பிளஸ்ஸிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். ஒரு பெண்ணைப் புரிந்துகொள்ள இத்தனை பாடுபட்ட மாப்பிள்ளையை இந்த அலுவலகத்தில் அவள் பார்த்ததே இல்லை. பாவம், புரிந்துகொண்டதுதான் தப்பு.

அவன் ஃபோனை வாங்கித் தட்டிப் பார்த்தாள். அந்தக் கணக்கு இரண்டு இடத்தில் திறந்திருந்தது. ஒன்று இந்த ஃபோன். இன்னொன்று ‘ஹால் டிவி’. உமேஷ் வீட்டில் டிவியே கிடையாது.

“ஹால் டிவி சின்மயி ஆத்துல. அங்கேதான் அவ பார்க்கறா” என்ற உமேஷின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. “நான் பாதியில நிறுத்தினதை மறுநாள் அவ முடிச்சிருப்பா. அவ நிறுத்தின இடத்துலேர்ந்து நான் முடிப்பேன். தூர தூரமா இருந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கற மாதிரி இருக்கும். அந்தச் சந்தோஷத்துலதான் நான் முழுசும் பார்த்தேன்.”

தனம் ஃபோனை வாங்கி ஒரு படத்தை ஓடவிட்டார். வசனம் திரையின் அடியில் எழுத்தாக வந்தது. ஒவ்வொரு எழுத்தும் கல்யாண மண்டப வரவேற்புப் பலகை எழுத்துபோல் இருந்தது. பேயின் பாதி முகத்தை அதுவே மறைத்துவிட்டது.

“இவ்ளோ பெருசா யாரு வெச்சது?”

“நான் வைக்கலை மேடம். அவளுக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்லையோன்னு நினைச்சேன். அதனால என்ன, கண்ணாடி போட்டுண்டா சரியாப் போச்சு.”

“மேடம், கேஸ் ஓவர்” என்றாள் பிளஸ்ஸி. “பொண்ணு இல்ல, பொண்ணோட அம்மா. வயசானவங்க, பெரிய எழுத்து, சீரியல்ல மருமக கொடுமை போரடிச்சுப் போயி மருமக மண்டையோட்டுக்கு வந்துட்டாங்க.”

தனம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “தம்பி, வண்டியை எடுங்க. மாமனார் வீட்டுக்குப் போறோம்.”

வழியில் சேலையூர் பக்கம் ஒரு தண்ணி லாரி குறுக்கே நின்றுவிட்டது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அரை மணி நேரம் அங்கேயே போயிற்று. அதற்குள் தனம் உமேஷிடம் லலிதா படத்தின் கதையைக் கேட்டு வைத்துக்கொண்டார். பிளஸ்ஸி ஹாரனை அடித்துத் தீர்த்தாள். ஒரு நல்ல கல்யாணம் ஒரு டீயால் நிற்கப் போகிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பீர்க்கன்கரணை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி ஐந்து நாற்பது.

கதவைத் திறந்தது சின்மயி. கண் வீங்கியிருந்தது. உமேஷைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனாள். அவளைப் பார்த்ததும் உமேஷும் ஓரடி பின்னால் போனான். இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்துகொண்டு நின்றார்கள்.

தனம் சுற்றி வளைக்கவில்லை. “பேய்ப் படம் பார்க்கிறது நீங்களாம்மா?”

“நானா? விளம்பரத்துல பேய் வந்தாலே நான் ரூமுக்கு ஓடிடுவேன்! நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள், அம்மாவுக்கு மைசூர்பாகு பண்றதைக் காட்டணும்னு இந்த டிவியில லாகின் பண்ணினேன். அதோட சரி, பகல்ல நான் ஆபீஸ் போயிடுவேன், அதுக்கப்புறம் தொடவே இல்லை. பார்க்கறது இவர்தான். எப்போ பேசினாலும் அதே பேச்சு.”

பிளஸ்ஸி வெற்றிப் புன்னகையோடு அவள் அம்மா பக்கம் திரும்பினாள். அபிதகுஜாம்பாள் காபி டம்ளர்களைத் தட்டோடு நீட்டியபடி, “என்னைப் பார்க்காதீங்கோ. தினம் ரெண்டரைக்குக் கிளம்பித் திருநீர்மலை அடிவாரத்துல பாட்டு கிளாஸுக்குப் போறேன். ஆத்துக்கு வர அஞ்சரை ஆயிடும். எனக்கு அந்த ரிமோட்ல சத்தம் கூட்டறது மட்டும்தான் தெரியும்” என்றார். பிளஸ்ஸியின் புன்னகை காபியில் விழுந்தது.

ராஜகோபாலன் சாய்வு நாற்காலியில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அஞ்சு ஐம்பத்திரண்டு. உங்க முடிவைச் சொல்லுங்கோ.”

தனம் அவருக்கு எதிரே போய் நின்றார். “உங்க சந்தேகம் நியாயமானதுதான் சார். இந்தப் பையன் வேண்டாம்.”

சின்மயி “ஐயோ” என்றாள். உமேஷ் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிளஸ்ஸிக்கே தூக்கிவாரிப் போட்டது.

“ஆதாரம் அந்த லலிதா படம்தான்” என்று தனம் தொடர்ந்தார். “எவ்ளோ மோசமான கதை! கூடப் பிறந்தவ மாதிரி பழகின மச்சினி, சொத்துக்காக லலிதாவை லிஃப்ட் குழியில தள்ளிக் கொன்னுடறா. இதை ஒருத்தன் உட்கார்ந்து ரசிச்சுப் பார்க்கிறான்னா—”

“மச்சினி இல்லை!” என்றார் ராஜகோபாலன்.

ஹாலில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவனிக்கவே இல்லை. கரும்பலகையைத் தட்டுகிற வேகத்தில் நாற்காலிக் கையைத் தட்டினார். “தள்ளினது வாட்ச்மேன்! மச்சினி மேல பழியைப் போட்டுடறா, அவ்வளவுதான். டார்ச் லைட் சீன்ல அவன் செருப்பு தெளிவா தெரியறதே! முழுசா பார்க்காம வந்து தப்புத் தப்பாச் சொல்லாதீங்கோ.”

சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கு உறைத்தது.

தனம் வலது கையை நீட்டினார். “டிக்கெட் எடுங்க சார்.”

முப்பத்து நாலு வருடம் பாடம் நடத்திய மனிதர். தப்பான விடையைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. அதில் மாட்டிக்கொண்டார். மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. ஐந்து வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் செய்தி பார்க்கலாமென்று ரிமோட்டில் எதையோ அழுத்தியிருக்கிறார். ‘கிணற்றடிக் கொலுசு’ ஓட ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியவில்லை. அப்படியே தூங்கிப்போனார். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக வந்து, அவர் கண் விழித்தபோது மூன்றாவது படம் ஓடிக்கொண்டிருந்தது.

“மறுநாள் பார்த்தா, ‘உமேஷ், நீங்கள் கிணற்றடிக் கொலுசு பார்த்ததால்’ன்னு வரிசையாப் பேய் நிக்கறது. நான் எங்கே பார்த்தேன்? நான்தான் தூங்கிண்டிருந்தேனே! அப்போ அந்தப் பையன்தான் பார்த்திருக்கான்னு நினைச்சேன். அவன் புத்தி எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுக்க, கண்ணுக்குத் தெரியற மாதிரி எழுத்தைப் பெருசாக்கிண்டு ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் விசாரணைக்காகத்தான்.”

“நாற்பத்து மூணையுமா?” என்றார் அபிதகுஜாம்பாள்.

“விசாரணைன்னா முழுசாப் பண்ண வேண்டாமா? நான் நிறுத்தி வெச்ச படம் மறுநாள் முடிஞ்சிருக்கும். பார்த்தியா, விடாம பார்க்கறான்னு எனக்கு இன்னும் கோபம் வந்தது.”

“சார், அந்த ஆப்புக்கு உமேஷும் தெரியாது, நீங்களும் தெரியாது” என்றாள் பிளஸ்ஸி. “ரிமோட் யார் கையில கீதோ அவங்கதான் அதுக்கு உமேஷ். நீங்க மத்தியானத்து உமேஷ், இவரு ராத்திரி உமேஷ். ரெண்டு பேரையும் ஒட்டி ஒரே ஆளுன்னு நெனச்சுக்கினு கீது. நீங்க வேவு பார்க்கப் பார்க்க அதுக்கு நம்பிக்கை ஜாஸ்தியாச்சு. இவரு பொண்ணுக்காகப் பார்த்தாரு, நீங்க பொண்ணுக்காகப் பார்த்தீங்க. பொண்ணைத் தவிர எல்லாரும் பார்த்துட்டீங்க.”

“எனக்கு மத்தியானமே தெரியும்” என்று தனம் பிளஸ்ஸியிடம் சொன்னார். “லிஸ்டை மட்டும்தான் பார்த்தேன்னு கேட்காமலே சொன்னாரு பாரு. டிக்கெட் எடுக்காதவன்தான் செக்கர் கேட்கிறதுக்கு முன்னாடி பேச்சு கொடுப்பான்.”

சின்மயி அப்பா முன்னால் வந்து நின்றாள். “அஞ்சு வாரமா அழுதேன்பா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ராஜகோபாலனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் மேலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது. கடிகாரம் ஆறு அடித்தது. ஃபோனை எடுத்து அழுத்தினார். “பிரஸ்ஸா? ராஜகோபாலன் பேசறேன். பத்திரிகையை அடிச்சுடுங்கோ. ஆமாம், அதே பேர்தான். ஒரு எழுத்தையும் மாத்த வேண்டாம்.”

உமேஷ் மட்டும் இன்னும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நின்றான். “அப்போ அஞ்சு வாரமா நான் சேர்ந்து பார்த்தது இவரோடயா?” என்று யாரையோ கேட்டான்.

சின்மயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. “உங்களுக்கு நிஜமா என்னதான் பிடிக்கும்?” என்று கேட்டாள். ஐந்து வாரமாக இதை யாரும் அவனிடம் நேரில் கேட்கவில்லை. அவன் யோசித்தான். “சொல்றேன். ஆனா இங்கே வேண்டாமே” என்றான். இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்கள்.

ராஜகோபாலனும் எழுந்தார். அபிதகுஜாம்பாள் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்து, “அவா பேசிண்டு வரட்டும். நீங்க உங்க விசாரணையைப் பாருங்கோ” என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அவர் டிவியைப் போட்டார். ‘பரண் மேல் யாரோ’ என்ற படம் ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் காத்துக்கொண்டிருந்தது. ரிமோட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே வைத்துவிட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் செத்த உட்காருங்கோளேன்” என்றார் தயங்கித் தயங்கி. “இதையெல்லாம் என்னால தனியா பார்க்க முடியாது.”

“அஞ்சு வாரமா தனியாத்தானே சார் பார்த்தீங்க?” என்றாள் பிளஸ்ஸி.

“தனியா எங்கே பார்த்தேன்?” என்றார் ராஜகோபாலன். “மாப்பிள்ளையும் பார்த்துண்டிருக்கார்ங்கற தைரியத்துலதான் பார்த்தேன்.”